கொடை மலையில் ஒரு கொடை வண்டி!

கார் பைத்தியங்களில் மூன்று ரகம் உண்டு. முதல் ரகம், காரை வாங்கி ஓட்டும். இரண்டாவது ரகம், ஓட்டாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டும். இந்த இரண்டு ரகத்தாலும் குடும்பத்துக்குப் பெரிய சேதாரம் இல்லை. மூன்றாவது ரகம்தான் ஆபத்து. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரைப் பார்த்து, 'இதைப் பிரிச்சா என்னென்ன தேறும்?' என்று கணக்குப் போடும்.

என் மச்சினன் மூன்றாவது ரகம்.

வயது 27. கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரியில் பர்ச்சேஸ் செக்‌ஷனில் வேலை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கலாம் என்று வீட்டில் ஜாதகத்தை வெளியே எடுத்தால், "அதுக்கு முன்னாடி ஒரு காரு பார்க்கோணும்" என்கிறான். கார் வாங்க இல்லை ஸார், கார் செய்ய!

'கிட் கார்' என்று இதற்குப் பெயர். இரும்புக் குழாய்களை வெல்டிங் பண்ணி ஓர் எலும்புக்கூடு. அதன் மேல் போர்த்த ஃபைபரிலோ அலுமினியத்திலோ ஒரு சட்டை. இவை இரண்டும் புதுசு. மற்றபடி இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங், பிரேக், வயரிங், மீட்டர், பெடல் எல்லாம் ஒரு பழைய காரிலிருந்து கழற்றி மாட்டுவது. அப்படித் தன்னையே கொடுத்துவிட்டுப் போகிற பழைய காருக்கு 'டோனர் கார்' என்று பெயர். நாம் கொடை வண்டி என்று வைத்துக்கொள்வோம். கர்ணன்கூட கவச குண்டலத்தோடு நிறுத்திக்கொண்டான். கொடை வண்டி கிட்னி வரை கொடுக்கிறது!

இந்தப் பைத்தியத்துக்கு மூலம் இங்கிலாந்து. 1957இல் லோட்டஸ் கம்பெனி 'செவன்' என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தது. அதை முழுக் காராகவும் வாங்கலாம், உதிரி பாகங்களாக வாங்கி நாமே பூட்டிக்கொள்ளவும் செய்யலாம். முழுக் கார் என்றால் அந்த நாட்டில் பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு. உதிரிகளாக வாங்கிப் பூட்டினால் கிடையாது! 1973இல் 'வாட்' வரி வந்துதான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். அடியேன் பி.காம். வரியை மிச்சம் பிடிக்கப் போய் ஒரு ஸ்போர்ட்ஸ் காரே பிரபலமான கதையைக் கேட்டதும் லோட்டஸ் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்துவிட்டது.

மரியாதை வேறு, மச்சினன் வேறு. மூன்று வருஷம் மூச்சைப் பிடித்துச் சேர்த்த 1,80,000 ரூபாய் அவன் கையில் இருந்தது. மன்னவனூரில் ஒரு பழைய ஜீப் விலைக்கு வருவதாக யாரோ புரோக்கர் சொல்லியிருக்கிறான். "பேரம் பேச ஒரு பி.காம். வேணும், வாங்க மாமா" என்று கூப்பிட்டான். "போய் எப்படியாவது தடுத்து நிறுத்துங்க" என்று என் மனைவி உத்தரவிட்டாள். ஒரே பயணத்துக்கு இரண்டு எதிரெதிர் டியூட்டி!

பழநி மலைப்பாதையில் பாடம்

ஒரு சனிக்கிழமை விடியற்காலை கோவையிலிருந்து கிளம்பி, உடுமலை வழியாகப் பழநி வந்து, மலைப்பாதையில் ஏறினோம். 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குப் போகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும், உயர் நீதிமன்ற உத்தரவு. அதை முந்தின நாளே வாங்கி வைத்திருந்தான். மற்ற விஷயங்களில் இல்லாத ஒழுங்கெல்லாம் இந்த ஒரு விஷயத்தில் பையனுக்கு வந்திருந்தது.

மலையேறுகிற வழியெல்லாம் எதிரே வருகிற வண்டிகளுக்கு மார்க் போட்டுக்கொண்டே வந்தான். முதலில் ஒரு வெள்ளை அம்பாசடர். "ஆகாதுங் மாமா. அதுல பாடியும் சேஸிஸும் ஒண்ணாச் சேர்ந்தது. தனியா பிரியாது." பத்மினி ஃபியட்டும் அதே ஜாதகம்தானாம்.

"அப்போ பிரிகிற ஜாதகம் எது?"

"நம்ம மெட்ராஸ்ல செஞ்ச ஸ்டாண்டர்ட் ஹெரால்டு!"

சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். முன்பக்க பானெட் மொத்தமும் முதலை வாய் மாதிரி திறக்குமே, அந்த வண்டி. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் 1961லிருந்து சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாகத் தயாரானது. அதற்குத் தனி சேஸிஸ். போல்ட்டுகளைக் கழற்றினால் மேல் உடம்பு தனியாக வந்துவிடும், அடியில் இருப்பது அப்படியே உருண்டு ஓடும். அதனால்தான் இங்கிலாந்தில் கிட் கார் கட்டுகிறவர்கள் ஹெரால்டைத் தேடித் தேடிப் பிரித்தார்கள்.

"அப்புறமென்ன, ஒரு ஹெரால்டு பாரேன்."

"இன்னிக்கு ஓடற நிலைமையில ஒரு ஹெரால்டு கெடைச்சா அதைப் பிரிக்கறவன் பாவி மாமா. துடைச்சு வெச்சுக் கும்பிடோணும்."

இதைச் சொன்னவன்தான் ஒரு ஜீப்பைப் பிரிக்க மலையேறிக்கொண்டிருக்கிறான் என்பதை மனதில் குறித்துக்கொண்டேன்.

பெருமாள்மலை வருவதற்குள் கொடை வண்டிக்கு என்னென்ன லட்சணம் வேண்டும் என்று முழுப் பாடமே நடத்திவிட்டான். நீங்களும் கேட்டுக்கொள்ளுங்கள், செலவில்லாத படிப்பு.

முதல் லட்சணம், ஊரெல்லாம் சொந்தக்காரர்கள் இருக்க வேண்டும். அதாவது, எந்த டவுனில் நின்றாலும் அந்த வண்டிக்குப் பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் கிடைக்க வேண்டும். அபூர்வமான வெளிநாட்டு இன்ஜினைப் போட்டுவிட்டு ஒரு வாஷருக்காக மூன்று மாதம் தவம் இருக்கக் கூடாது.

இரண்டாவது, வெளியே அலங்கோலமாக இருக்கலாம், உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும். கதவு, கூரை, பெயிண்ட் எதுவும் நமக்கு வேண்டாம். அதனால் ஆக்ஸிடென்ட் வண்டி உத்தமம். அதிலும் முன்னால் மோதிய வண்டியில் இன்ஜின் அடிபட்டிருக்கும், பக்கவாட்டில் அல்லது மேலே அடிபட்டது விசேஷம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை மட்டும் தொடக் கூடாது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் முங்கிய கார்கள் பல, பார்வைக்குப் பளபளவென்றுதான் இருந்தன. ஆனால் வயரிங்குக்குள் தண்ணீர் போனால் அது நம்ம ஊர் அரசியல் மாதிரி. எங்கே எப்போது ஷார்ட் ஆகும் என்று யாருக்கும் தெரியாது!

மூன்றாவது, முழு வண்டியாக வாங்க வேண்டும். இன்ஜின் ஓரிடம், ஸ்டீயரிங் ஓரிடம் என்று பொறுக்கினால் மலிவு போலத் தெரியும். ஆனால் ஒரு காரில் இருக்கிற நூற்றுக்கணக்கான கிளாம்ப், பிராக்கெட், போல்ட்டுகளைத் தனித்தனியாக வாங்கப் போனால் அதிலேயே ஆண்டியாகிவிடுவோம்.

நாலாவது, காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரும் வண்டியில் குத்தியிருக்கும் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். பேங்க் கடன் பாக்கி என்ற குறிப்பு இருந்தால், தீர்த்த கடிதம் வேண்டும். இல்லாவிட்டால் நாம் வாங்குவது கொடை வண்டி இல்லை, திருட்டு வண்டி!

கரிவரதனின் கணக்கு

கொடைக்கானல் ஏரியைச் சுற்றிக் குதிரையும் சைக்கிளுமாக ஒரே கூட்டம். நாங்கள் நிற்கவில்லை. சூரியனை ஆராய்கிற அப்சர்வேட்டரியைத் தாண்டிப் பூம்பாறை ரோட்டில் திரும்பினோம். கூட்டம் சட்டென்று அறுந்து, இரண்டு பக்கமும் மரமும் பனியும் மட்டும்.

பூம்பாறை வியூ பாயின்ட்டில் டீ. கீழே படிக்கட்டு படிக்கட்டாக வயல், நடுவில் ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். இங்கே பிரசித்தம் மலைப்பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. டீக்கடை வாசலில் மூட்டைகள் அடுக்கிய ஜீப்புகள் நின்றன. மச்சினன் டீயைக் குடிக்காமல் அவற்றின் அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏண்டா, நீ சொன்ன லட்சணமெல்லாம் மாருதி 800க்குத்தானே பொருந்துது? எதுக்கு ஜீப்?" என்றேன்.

பர்ஸிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினான். சாமி படம் இல்லை, காதலி படமும் இல்லை. ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார்!

அந்தக் காரின் கதை கோவைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். எஸ். கரிவரதன் என்று ஒரு தொழிலதிபர். பந்தய வீரர். சொந்தமாகக் கார் வடிவமைப்பவர். 1980களின் இறுதியில், இந்தியப் பையன்களும் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் ஓட்டிப் பழக வேண்டும் என்று ஆசைப்பட்டார். வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்தால் பணக்கார வீட்டுப் பிள்ளை மட்டும்தான் ஓட்டலாம். அவர் தேர்ந்தெடுத்த கொடை வண்டி என்ன தெரியுமா? 1983 டிசம்பரில் வந்து தெருவெல்லாம் ஓடிக்கொண்டிருந்த மாருதி 800! அதன் 796 சிசி இன்ஜினைப் போட்டு 'ஃபார்முலா மாருதி' என்ற பந்தயக் காரைக் கொடுத்தார். வீட்டம்மாக்கள் காய்கறி வாங்கப் போன காரின் இன்ஜின், டிரைவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்ரீபெரும்புதூர் டிராக்கில் சீறியது.

அந்தக் காரில் ஆரம்பித்த கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். சென்னையின் கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் ஆரம்பித்தவர்தான், 2010இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போனார். கரிவரதன் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1995இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். 2003இல் கோவை செட்டிபாளையத்தில் திறந்த 2.1 கிலோமீட்டர் பந்தயப் பாதைக்கு 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்று அவர் பெயர்தான்.

"அவரே மாருதி போட்டாரு. உனக்கு மட்டும் ஏன் ஜீப்?"

அப்போதுதான் உள்ளே இருந்த ரகசியம் வெளியே வந்தது. "ஜீப்புக்குத் தனி சேஸிஸ் மாமா. மேல இருக்கற பாடியைக் கழட்டிட்டு நம்ம பாடியை வெச்சுட்டா, அதே ஆர்.சி., அதே நம்பர் பிளேட்டு. அவினாசி ரோட்டுல ஓட்டலாம்!"

இதற்குத்தான் பி.காம். வேண்டும் என்பது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் பற்றி அவனுக்கு அங்கேயே ஒரு வகுப்பு எடுத்தேன். கம்பெனி செய்து கொடுத்த அமைப்பை நம் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்தில், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டும். "மொத்த உடம்பையே மாத்தினா எத்தனை மாற்றம்னு எண்ணிப் பாரு. உன் 1,80,000 அபராதத்துக்கே பத்தாது."

இங்கிலாந்தில் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். திரும்பக் கட்டிய வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ள முன்பெல்லாம் 8 மார்க் எடுக்க வேண்டியிருந்தது. சேஸிஸுக்கு 5, ஸ்டீயரிங், ஆக்ஸில், சஸ்பென்ஷன், கியர்பாக்ஸ் இவற்றுக்குத் தலா 2, இன்ஜினுக்கு வெறும் 1. வண்டியின் உயிர் இன்ஜினில் இல்லை, எலும்பில் இருக்கிறது என்று அந்த ஊர் சர்க்கார் தீர்மானித்திருந்தது. நம் ஊரிலோ, புது வடிவத்தில் ஒரு வண்டி ரோட்டுக்கு வர வேண்டுமென்றால், பெரிய கம்பெனிகள் மாதிரி அங்கீகரிக்கப்பட்ட சோதனைச் சாலையில் டெஸ்ட் பண்ணி சர்டிபிகேட் வாங்க வேண்டும். பவுண்டரி குமாஸ்தா சம்பளத்தில் அது நடக்காது. டிராக்கில் ஓட்டத்தான் நம்பர் பிளேட் வேண்டாம்.

மச்சினன் முகம் ஆறிப்போன டீ மாதிரி ஆகிவிட்டது. "இவ்வளவு தூரம் வந்தாச்சு. ஜீப்பைப் பார்த்துட்டே போயிரலாம்" என்றான். சேஸிஸைக் குட்டையாக்கி டிராக் கார் செய்யலாம் என்று அதற்குள் அடுத்த திட்டம்!

மன்னவனூர்

கொடைக்கானலிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். கடைசி வளைவு திரும்பியதும் மரங்கள் விலகி, பச்சைப் புல்வெளி மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கெட்டிய வரை விரிகிறது. நடுவில் ஓர் ஏரி. டூயட் எடுக்க ஆள் இல்லாத ஸ்விட்சர்லாந்து என்று சொல்லலாம். பஸ் வந்து நின்றால் இறங்குகிறவர்களைவிட மூட்டைகள் அதிகம். கேரட், உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூண்டு. மண் வாசனையும் குளிரும் சேர்ந்து மூக்கில் ஏறுகிறது.

ஜீப்காரர் தோட்டத்துக்குப் போயிருந்தார். காத்திருக்கிற நேரத்தில் ஆட்டுப் பண்ணையைப் பார்த்து வந்தோம். மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ராஜஸ்தானில் அவிகாநகர் தலைமையிடம். அதன் தென்மண்டல மையம் 1965லிருந்து மன்னவனூரில் இருக்கிறது. புல்வெளியில் பஞ்சு மூட்டை உருண்ட மாதிரி மேய்கிற ஆடுகளுக்குப் பெயர் 'பாரத் மெரினோ'. ராஜஸ்தான் பக்கத்து சோக்லா, நாலி போன்ற நம் நாட்டு ஆடுகளோடு ரம்பூலே, மெரினோ என்ற வெளிநாட்டு ஜாதிகளைச் சேர்த்து உருவாக்கியது. நாட்டு ஆட்டிடமிருந்து தாக்குப் பிடிக்கிற உடம்பு. அயல்நாட்டு ஆட்டிடமிருந்து மெல்லிய ரோமம்.

"பாத்தீங்ளா மாமா, இதும் கிட் கார்தான்!" என்றான் மச்சினன். யாரிடமிருந்து எதை எடுப்பது என்று தெரிந்தவன்தான் உருப்படியாக எதையாவது செய்கிறான். இதில் ஆட்டுக்கும் காருக்கும் வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம், கொடை கொடுத்த ஆடு அதன் பிறகும் புல் தின்கிறது.

பெரியவரும் ஜீப்பும்

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். தலையில் குரங்குக் குல்லா, தோளில் கம்பளி, முழங்காலில் கட்டு. வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகையில் நின்றது ஜீப்.

மச்சினன் சாஷ்டாங்கமாக விழுந்தே விட்டான், அடியில் பார்க்க. அரை மணி நேரம் உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "ஐயா, இது பெட்ரோல் வண்டியாச்சுங்களே?"

"ஆமா தம்பி. டீசல் ஏத்தி இருவது வருசமாச்சு. அதுவும் ஆர்.சி.யில ஏத்தியிருக்கு."

"கியர்பாக்ஸ் வேறயா இருக்குது?"

"அது பூண்டியில ஒரு வண்டி உருண்டு போச்சு. அதுலருந்து எடுத்தது."

சீட்டு ஒரு பழைய வேனுடையது. ரேடியேட்டர் வத்தலக்குண்டு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. பின் ஆக்ஸில் மூன்றாவது முறை மாற்றியது. ஒவ்வொரு பாகத்துக்கும் பெரியவர் ஓர் ஊர் பெயர் சொன்னார். 1947இல் மஹிந்திரா கம்பெனி அமெரிக்காவிலிருந்து பாகங்களாக வந்த வில்லிஸ் ஜீப்புகளைப் பம்பாயில் பூட்டித்தான் இந்த வியாபாரத்தையே ஆரம்பித்தது. பிறக்கும்போதே கிட்! இந்த மலைக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை. பெரியவரின் ஜீப் எத்தனையோ செத்த வண்டிகளிடம் தானம் வாங்கி உயிரோடு நின்றது.

மச்சினன் தூசியோடு எழுந்து வந்தான். "எவ்வளவுங்க ஐயா?"

"நீ சொல்லு தம்பி."

கவுஞ்சியிலிருந்து ஒரு பையன் காய்கறி மூட்டை ஏற்ற 90,000க்குக் கேட்டிருக்கிறான் என்று புரோக்கர் ஏற்கெனவே சொல்லியிருந்தான். மச்சினன் யோசிக்காமல், "1,10,000" என்றான். நான் காலை மிதித்தும் பிரயோஜனமில்லை. பெரியவர் கண்ணில் ஒரு வெளிச்சம். முட்டி ஆபரேஷனுக்குப் பணம் சேர்க்கிறார் என்று அந்த அம்மா காபி கொடுக்கும்போதே சொன்னார்கள்.

"எங்கே ஓட்டப் போறீக? கோயம்புத்தூருலயா?"

"ஓட்டறதுக்கில்லீங்க. பிரிக்கறதுக்கு."

பெரியவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. அப்புறம் ஜீப்பின் மட்கார்டில் கை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "இந்த வண்டியில எம்மக பிரசவத்துக்குக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குப் போனா. ராத்திரி ரெண்டு மணி, எதிர்ல எதுவும் தெரியாத பனி. பேரன் இப்ப காலேஜ் படிக்கிறான். ஊர்ப் பிள்ளைக பரிச்சைக்கிப் போனது இதுலதான். மழையில மரம் விழுந்து பஸ் நின்னா இன்னிக்கும் இதுதான் போகும். நான் விக்கிறது கால் வலிக்குத்தான் தம்பி, வண்டிக்கு வலியில்ல. உசுரோட இருக்கறதை அறுக்க நான் தரமாட்டேன். அந்தக் கவுஞ்சிப் பையனுக்கே குடுத்துர்றேன்."

"ஐயா, 20,000 ரூபா கம்மியாகுதுங்களே..."

"ஆகட்டும்."

இருபதாயிரத்தை ஒரே வார்த்தையில் எழுதித் தள்ளிவிட்டார். காலேஜில் எங்களுக்கு 'குட்வில்' என்று ஒரு பாடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத சொத்து, அதற்கு விலை போடுவது எப்படி என்று பக்கம் பக்கமாக ஃபார்முலா இருக்கும். பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். தகரக் கொட்டகையில்தான் அதை நேரில் பார்த்தேன்.

மச்சினன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஹெரால்டைப் பற்றிக் காலையில் அவன் சொன்னதை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவனுக்கே ஞாபகம் வந்துவிட்டது என்று முகம் சொன்னது.

செத்த வண்டி

பெரியவருக்கு என்ன தோன்றியதோ, எங்களை விடவில்லை. "வண்டி பிரிக்கணும்னா செத்த வண்டியைப் பிரி தம்பி. எங்க மருமகனோடது ஒண்ணு கெடக்கு" என்று பள்ளத்துப் பக்கம் கூட்டிப் போனார்.

நீலத் தார்ப்பாயை விலக்கினார். மாருதி 800! இரண்டு வருஷத்துக்கு முன் மழையில் மரம் சாய்ந்து கூரை அப்பளமாக நொறுங்கியிருந்தது. கண்ணாடி ஒன்றும் பாக்கியில்லை. ஆனால் முன்பக்கத்தில் ஒரு கீறல் கிடையாது. மாதம் ஒருமுறை மருமகன் ஸ்டார்ட் பண்ணி வைப்பாராம்.

மச்சினன் முகத்தில் கரிவரதன் தெரிந்தார்! மறுபடி சாஷ்டாங்கம். இந்தத் தடவை சும்மா இல்லாமல் எனக்கும் காட்டிக்கொடுத்தான். ஆயில் ஊற்றுகிற மூடியின் அடியில் காபி நிறத்தில் நுரை இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, இல்லை. ஸ்டார்ட் செய்து புகையைப் பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் தண்ணீர் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி உருட்டினால் முன் சக்கரத்தில் 'டக் டக்' சத்தம் வரக் கூடாது. வரவில்லை. சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு பொருந்தியது. கடன் இல்லை.

"மாமா, இதுல இன்ஜினும் கியர்பாக்ஸும் குறுக்கால ஒரே கட்டையா இருக்குது. அப்படியே தூக்கி சீட்டுக்குப் பின்னாடி வெச்சா பின் சக்கரத்தை ஓட்டும்."

"முன்னாடி திரும்பற சக்கரம் பின்னாடி போய் அங்கேயும் திரும்பினா?"

"திரும்பற கம்பியைச் சேஸிஸோட சேர்த்துப் பூட்டிருவோம். திரும்பாது."

இது இவன் கண்டுபிடிப்பில்லை. இங்கிலாந்தில் 1967லேயே 'காக்ஸ் ஜிடிஎம்' என்ற குட்டிக் காரில் மினியின் முன்பக்க இன்ஜின் கட்டை அப்படியே பின்னால் வைத்துக் காட்டிவிட்டார்கள். சக்தி போதுமா என்றேன். இந்த இன்ஜின் சுமார் 37 குதிரை. 1957 லோட்டஸ் செவனில் இருந்த ஃபோர்டு இன்ஜின் சுமார் 40 குதிரை. மூன்று குதிரைக்காக யாரும் அழ வேண்டாம்!

மருமகன் வந்தார். விலை 20,000. இந்தத் தடவை பேரமும் நான் பேசவில்லை, மச்சினனும் பேசவில்லை. கூசியது.

ஒரு நிபந்தனை மட்டும் நான் போட்டேன். வண்டி இனி ரோட்டுக்கு வராது என்பதை ஆர்.டி.ஓ. ஆபீஸில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யை ஒப்படைத்துவிட வேண்டும். அழிந்துபோன, நிரந்தரமாக ஓட்ட முடியாத வண்டிக்கு 14 நாளில் தகவல் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. இல்லாவிட்டால் நாளைக்கு அந்த நம்பரில் எவனாவது தப்பு செய்தால் சம்மன் மன்னவனூருக்கு வரும். மனுஷனுக்கு டெத் சர்டிபிகேட் மாதிரிதான். உடலைத் தானம் கொடுத்தாலும் காகிதம் வேண்டும்.

இப்போது கணக்கு. கொடை வண்டி 20,000. கோவை வரை ஏற்றிப் போக டெம்போ தனி. இரும்புக் குழாய், வெல்டிங், ஃபைபர், டயர் எல்லாம் சேர்த்து அவன் போட்ட பட்ஜெட், ஜீப்பை வாங்கியிருந்தால் கையில் மிஞ்சியிருக்கும் பணத்தில் முடிந்திருக்காது. இப்போது முடியும், கொஞ்சம் மிச்சமும் இருக்கும். ஓட்டப் போவது செட்டிபாளையம் டிராக்கில், அதுவும் அவர்கள் வைக்கிற பாதுகாப்புச் சோதனையில் பாஸானால். அவினாசி ரோடு தப்பித்தது. 'தடுத்து நிறுத்துங்க' என்ற மனைவியின் உத்தரவில் பாதியை நிறைவேற்றிவிட்டேன். மீதிப் பாதியை அவள் தம்பியிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

மறுநாள் காலை டெம்போ வந்தது. ரோட்டோடு நின்றுவிட்டது. பள்ளத்தில் கிடக்கும் மாருதியை ஈர மண்ணில் மேலே கொண்டுவர ஆறு பேர் தள்ளியும் அசையவில்லை. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கொட்டகைக்குப் போனார். ஜீப் ஒரு இருமல் இருமிக் கிளம்பியது. கயிற்றைக் கட்டினார், முன் சக்கரத்துக்கும் கியர் போட்டார், முட்டிக்கட்டோடு கிளட்சை விட்டார்.

வருஷா வருஷம் தேய்மானம் போட்டால், எங்கள் கணக்குப் புத்தகத்தில் அந்த ஜீப்பின் மதிப்பு எப்போதோ பூஜ்யம் ஆகியிருக்கும். பூஜ்யம் முன்னால் உறுமிக்கொண்டு மேடு ஏறியது. இருபதாயிரம் ரூபாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது!